வியாழக்கிழமை ஆட்கள்

கருகும் வாசத்தை முதலில் பிடித்தவள் ரபீகாதான்.

கண்டிக் கட்டுகலையில் குடைக்கடை வைத்திருந்த முஹைதீனின் வீட்டுக் குசினியில், ஒரு கல்யாண வீட்டுக்காக மஸ்கட் அல்வா கிண்டிக்கொண்டிருந்தார்கள். முஹைதீனின் மனைவி கைரியாவின் கைப்பக்குவம் கண்டி முஸ்லிம் வீடுகளில் பேர் போனது. எந்த வீட்டில் நிக்காஹ் என்றாலும் இனிப்பு வேலை அவளிடம்தான் வரும். அன்றைக்கும் வலது கையால் அகப்பையைச் சுழற்றிக்கொண்டு, இடது கையால் தாச்சியை ஆடாமல் பிடித்தபடி நின்றாள். உதவிக்கு வந்திருந்த முஹைதீனின் ராத்தா ரபீகா, கஜு நறுக்குவதை நிறுத்திவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"என்ன கருகுற? சீனி அடிப்பிடிச்சிட்டா?"

"இல்லியே மதினி. இன்னம் பதமே வரல்ல."

ரபீகா எழுந்து வந்து தாச்சிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு தாச்சியின் காதைப் பார்த்தாள். "யா அல்லாஹ்! கைரியா, கை! ஒன்ட கை!"

சூடேறிய இரும்புக் காதில் கைரியாவின் இரண்டு விரல்கள் ஒட்டியிருந்தன. இடையில் வைத்துப் பிடித்த துணி எப்போதோ நழுவி அடுப்பங்கரையில் கிடந்தது. அவள் கையை இழுத்தபோது தோலில் ஒரு துண்டு இரும்பிலேயே தங்கிவிட்டது. ரபீகா கத்திக்கொண்டே தண்ணீருக்கு ஓடினாள். கைரியா விரல்களை முகத்துக்கு நேரே தூக்கி, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நோகல்ல மதினி," என்றாள்.

ரபீகாவின் சத்தம் நின்றுபோனது. தண்ணீர்ச் செம்புடன் அப்படியே நின்று தம்பி பெண்சாதியின் முகத்தைப் பார்த்தாள். நோகிறது என்று கைரியா அழுதிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இது நடந்தது 1934ஆம் ஆண்டின் தொடக்கத்தில். கைரியாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அரிசி களையும்போது தண்ணீர் குளிர்கிறதா இல்லையா என்று இடது கைக்குத் தெரியாமல் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. முழங்கைக்குக் கீழே வெளுத்துக் கிடந்த படையைத் தேமல் என்று நினைத்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். தொடும்போதெல்லாம் "ஓம்" சொல்ல வேண்டும் என்று முஹைதீன் பக்கத்தில் நின்று விளங்கப்படுத்தினான். கைரியா கண்ணை மூடிக்கொண்டு, டொக்டர் எப்போது தொடங்குவாரென்று காத்திருந்தாள். கண்ணைத் திறக்கச் சொன்னபோது அவர் முடித்துவிட்டிருந்தார். கையில் அங்குமிங்குமாக ஊசி குத்திய சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

டொக்டர் முஹைதீனிடம் சிங்களத்தில் நிறையச் சொன்னார். தோலைச் சுரண்டிப் பார்த்ததில் கிருமி இல்லை, இது மற்றவருக்கு லேசில் தொற்றாத வகை, ஹேந்தலையில் ஒதுக்கி வைக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தேவையில்லை, வியாழக்கிழமைதோறும் வந்து ஊசி போட்டால் போதும், பிள்ளையைத் தனிப் பாயில் படுக்க வைக்கவேண்டும். இத்தனையும் சொன்னார். ஆனால் முதலில் அவர் சொன்ன ஒரு சொல்லோடு முஹைதீனின் காது அடைத்துவிட்டது. "லாதுரு." கைரியாவுக்கும் அந்தச் சொல் தெரியும். சந்தை வாசலில் துணி சுற்றிய கையை நீட்டுகிறவர்களைக் கண்டால் சிங்களப் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சொல்லும் சொல் அது. தமிழில் குஷ்டம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் முஹைதீன் முன்னால் நடந்தான். கைரியா பின்னால் வந்தாள். தான் இப்போது அழ வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அழுகை வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

முஹைதீன் கெட்டவன் அல்ல. பயந்தவன். முறிந்த குடைகளைப் போட்டு வைக்கும் பின்னறையை அவனே ஒதுக்கிக் கூட்டி, பாய் விரித்தான். "கொஞ்ச நாளைக்கு இங்கின படு புள்ள," என்றான். கொஞ்ச நாள் எவ்வளவு என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளுக்கென்று ஒரு பீங்கானும் கோப்பையும் தனியாக வந்தன. சமையலுக்குத் தூரத்து உறவுக்காரி ஒருத்தி வந்தாள். முஹைதீன் சோற்றைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, அவள் எடுக்கும்வரை தள்ளி நிற்பான். இனிப்புக்குச் சொல்ல வந்தவர்களிடம் கையில் சூடுபட்டுவிட்டது என்று சொல்லி அனுப்பினான். அது பொய்யுமில்லை.

ஏழு வயது மகள் ஹிதாயாவை ரபீகா தன்னோடு அக்குறணைக்குக் கூட்டிப்போனாள். மாமி வீட்டில் விளையாடப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் பிள்ளை குதித்துக்கொண்டு போனது. கைரியா பின்னறை ஜன்னலில் நின்று பார்த்தாள். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. கை மரத்தது எப்போது என்று தெரியாததுபோல, மற்றது எப்போது மரத்தது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

டொக்டர் கொடுத்த சீட்டில் எழுதியிருந்தபடி வியாழக்கிழமை ஊசி, ஆஸ்பத்திரியின் பின்பக்க விறாந்தையில். உட்கார ஒரு நீளமான வாங்கு. பெண்கள் ஒரு கோடியில், ஆண்கள் மறு கோடியில். உள்ளே கூப்பிட்டு நீரடிமுத்து எண்ணெயை இடுப்பில் ஏற்றுவார்கள். கெட்டியான எண்ணெய், இறங்க நேரமெடுக்கும், கடுக்கும். அந்த இடத்தில் அவளுக்கு நோவு தெரிந்தது. முஹைதீன் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பான். அவள் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

பல வாரம் இப்படியே போனது. ஒருநாள் பக்கத்தில் இருந்த தோட்டத்துப் பெண் கேட்டாள்.

"அம்மாவுக்குக் கையா, காலா?"

கைரியா கையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குக் காலுங்க. கையும் லேசா இருக்கு. அந்தா அந்தக் கோடியில இருக்காரே, அந்த ஐயாவுக்கு ரெண்டுந்தான்."

என்ன நோய், என்ன வருத்தம் என்று சுற்றி வளைத்துக் கேட்டவர்களைத்தான் கைரியா இதுவரை கண்டிருந்தாள். கையா, காலா என்று யாரும் கேட்டதில்லை. "கை," என்றாள்.

"சுட்டுக்கிட்டீங்களா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நாம எல்லாரும் அப்பிடித்தானுங்களே கண்டுபிடிச்சோம்."

அவள் பெயர் வேலாயி. ஹந்தானை மலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். கைரியாவைவிட நாலைந்து வயது இளையவளாக இருக்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் தேயிலைக் கட்டை ஒன்று உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. அது தெரியாமலே கூடையோடு கொழுந்து நிறுக்கும் இடம்வரை நடந்துவிட்டாள். பின்னால் வந்த பெண்கள் ரத்தத்தைப் பார்த்துப் பாம்பு கடித்துவிட்டது என்று கூச்சல் போட்டார்களாம். தோட்டத்து மருந்துக்காரர் துண்டுச் சீட்டு கொடுத்துக் கண்டிக்கு அனுப்பினார்.

மறு கோடியில் இருந்தவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ராஜரத்தினம் என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக் கோட்டின் பொத்தான் எல்லாம் பூட்டியிருந்தது.

"எனக்குச் சுருட்டாலதான்," என்றார் வாங்கின் அந்தப் பக்கத்திலிருந்தே. "பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தனான். சுருட்டு விரலிடுக்கில முடியுமட்டும் எரிஞ்சுபோச்சு. நல்ல செய்தியாக்கும் எண்டு பெண்சாதி கேட்டவ."

வேலாயி வாய்விட்டுச் சிரித்தாள். ராஜரத்தினமும் சிரித்தார். கைரியா சிரிக்கவில்லை. இந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சிரிக்கிறார்களே என்று மட்டும் கவனித்தாள். வீட்டுக்குப் போகும் வழியில், சுருட்டு எரிந்தபோது பேப்பரில் என்ன செய்தி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். வீடு வந்ததே தெரியவில்லை.

அதன் பிறகு கைரியா வாங்கில் வேலாயிக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்து உட்கார்ந்தாள். வேலாயி அவள் கையைக் கேட்காமலே எடுத்து மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அப்படி யாரும் தொட்டுப் பல மாதமாகியிருந்தது. தொடுவது கைக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது.

"தோலு செய்ற வேலயக் கண்ணு செய்யணுங்க," என்பாள் வேலாயி. "சாயங்காலமானா விளக்குக் கிட்ட ஒக்காந்து ஒவ்வொரு வெரலா பாக்கணும். அடுப்புல துணியப் பிடிக்கக் கூடாது, கையோட சேத்துக் கட்டிக்கணும். வெந்நி சூட்ட முழங்கையில பாக்கணும். எனக்கும் இதெல்லாம் ஐயாதான் சொன்னாரு."

ராஜரத்தினம் தன் சவரக் கண்ணாடியைக் கோட்டுப் பையில் கொண்டுவருவார். உள்ளங்காலைப் பார்க்க அது வசதி. கண்ணாடி ஆண்கள் பக்கத்திலிருந்து கைமாறிக் கைமாறிப் பெண்கள் பக்கம் வரும். ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிப் பாதத்தைப் பார்ப்பார்கள். கூட்டிப் பெருக்க வருகிற பெண்ணுக்கு இது பெரிய வேடிக்கை.

ஒரு வியாழக்கிழமை கைரியா கேட்டாள். "ஒனக்குப் புள்ளைகள் ஈக்கா?"

"மூணுங்க. லயத்துல இருக்கறது ஒத்த அறை, எங்கிட்டுத் தள்ளிப் படுக்கறது? குறுக்கால சாக்கு கட்டித் தொங்க விட்டிருக்கேன். அந்தப் பக்கம் அதுங்க, இந்தப் பக்கம் நானு."

"என்ட மகள அக்குறணைக்கு அனுப்பிட்டாங்க."

வேலாயி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்க? பாயத் தனியாப் போடத்தானே டாக்டரையா சொன்னாரு? ஊர விட்டே அனுப்பச் சொல்லலியே."

"அவருக்குப் பயம்."

"ஒங்களுக்கு?"

கைரியா யோசித்துப் பார்த்தாள். "எனக்கு ஒண்டும் இல்ல," என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. மகாவலி ஒடுங்கிப் பாறை தெரிந்தது. குட்டை குட்டையாகத் தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகியது. வருஷக் கடைசியில் மலேரியாக் காய்ச்சல் பிடித்தது. கீழ்நாட்டிலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்கள். ஒரு வியாழக்கிழமை போய்ப் பார்த்தால், பின் விறாந்தை முழுக்கப் பாயில் படுத்து நடுங்குகிறவர்கள். வாங்கை எங்கேயோ தூக்கிப் போயிருந்தார்கள். காய்ச்சல் அடங்கும்வரை இங்கே ஊசி இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டு ஓடினார்.

மூன்று பேரும் வெளிக் கேற்றடியில் நின்றார்கள். எங்கே போய்ப் பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. தெருவில் நின்று காலைத் தூக்கிப் பார்க்க முடியாது. "சரி, பாப்பம்," என்றார் ராஜரத்தினம். கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். வேலாயி மலைப் பாதையில் ஏறினாள்.

அடுத்த வியாழக்கிழமை கைரியா முக்காடு போட்டு, செருப்பு மாட்டி, பாயில் உட்கார்ந்திருந்தாள். போக இடமில்லை என்பது தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள். முஹைதீன் சோற்றைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். கடைக்குத் திரும்பிப் போனான்.

அதற்கு அடுத்த வாரம் பின் ஒழுங்கையில் ஒரு குரல். "கொய்யாப்பழம்! அம்மா, கொய்யாப்பழம்!"

முஹைதீன் கடையிலிருந்து வந்து, "வேணாம், போ போ," என்றான். கைரியா எழுந்து அவனைக் கடந்து போய்ப் பின்வாசல் படலையைத் திறந்தாள். வேலாயி கூடையோடு நின்றாள். கூடையில் ஐந்தாறு காய்கள் கிடந்தன. அவள் ஒரு காலை நொண்டிக்கொண்டிருந்தாள்.

"குடைக்கடைன்னு சொன்னீங்கள்ல, விசாரிச்சு வந்தேன். அடில என்னமோ இருக்கும்போலங்க. நடந்தா நடை கோணுது. கண்ணாடி ஐயாகிட்ட இருக்கு. லயத்துல யாருகிட்டக் காட்டுறது?"

கைரியா அவளைப் படியில் உட்கார வைத்தாள். தானும் நிலத்தில் உட்கார்ந்து, சேறு படிந்த அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். குதியில் ஒரு துருப்பிடித்த ஆணி தலைவரை ஏறியிருந்தது. சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது.

அவள் தலையைத் திருப்பாமல், "ஒங்கட குறட்டத் தாங்க," என்றாள்.

பின்னறைக்கு வந்த பிறகு அவள் கணவனிடம் கேட்ட முதல் பொருள் அதுதான். குடைக்கம்பி வளைக்கும் சின்னக் குறட்டை முஹைதீன் எடுத்துவந்தான். படியில் வைக்கக் குனிந்தவன், அவள் கை நீட்டியபடி இருப்பதைக் கண்டு, கையிலேயே கொடுத்தான். ஆணியைப் பிடுங்கியபோது வேலாயி வானத்தைப் பார்த்துக்கொண்டு, "வந்திருச்சா?" என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருந்த முஹைதீன்தான் பல்லைக் கடித்தான்.

வெந்நீரும் உப்பும் வந்தன. காயத்தைக் கட்டி வேலாயியை அனுப்பிவிட்டுக் கைரியா சொன்னாள். "வியாழக்கிழமைகள்ல இவங்க இங்க வரட்டும். வேலாயியும், அந்த ராஜரத்தினம் ஐயாவும்."

"கடைக்கு ஆக்கள் வாற எடம். என்ன நெனப்பாங்க?"

"பின்வாசலால வருவாங்க. நீங்கதானே என்னப் பின்னுக்குப் போட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். முஹைதீன் அன்று முழுக்கக் குடைத்துணி தைத்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் வந்து, "வரட்டும்," என்றான். ரயில்வே ஆட்களிடம் விசாரித்து ராஜரத்தினத்துக்கும் சொல்லி அனுப்பினான்.

அப்படித்தான் அந்தப் பின்வளவு அவர்களுடைய இடமானது. கைரியா கையில் துணி கட்டிக்கொண்டு கஞ்சி காய்ச்சினாள். வேலாயியும் அவளும் மா மரத்தடியில் கை காலைப் பார்த்துக்கொள்வார்கள். ராஜரத்தினம் ஆண்பிள்ளை என்பதால் அவருக்குக் கடையின் பின்கதவடியில் ஒரு கதிரை. முஹைதீன் உள்ளே இருந்து குடை தைப்பான். இரண்டாம் வாரம் முஹைதீன் கேட்டான்.

"ஐயா, ஒங்கட வீட்டு ஆக்கள்?"

"யாழ்ப்பாணத்தில இருக்கினம். பெண்சாதியும் ரெண்டு பெடியளும்."

"வாறல்லையா?"

"காயிதம் வருது. ஆக்கள் வரேல்ல." ராஜரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "நான்தான் போகச் சொன்னனான். எனக்கும் பயம் கண்டியளோ. பிறகு டொக்டர் சொன்னார், சேர்ந்து இருக்கலாம், கொஞ்சம் கவனமா இருந்தாப் போதுமெண்டு. எழுதிப் போட்டன். அதுக்குள்ள அவைக்கு அங்க பழகிப்போச்சு."

முஹைதீன் ஊசியை நிறுத்தினான். "எங்கட டொக்டரும் அப்படிச் சொன்னாரா?"

"எல்லாருக்கும் அதைத்தானே சொல்லுறவர். நீங்கள் பக்கத்தில நிண்டு கேட்கேல்லையோ?"

நின்றுதான் கேட்டான். அது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவன் அக்குறணை போய் ஹிதாயாவைக் கூட்டிவந்தான். ரபீகாவும் வந்தாள். பிள்ளை ஒரு வருஷத்தில் வளர்ந்திருந்தது. பின்னறை வாசலில் நின்று உம்மாவை விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. வாப்பா போகச் சொன்ன பிறகும் படியேறவில்லை. கைரியாவும் எழுந்து போய் இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை, "மாமி தலைய இறுக்கிப் பின்றாங்க. நோகுது," என்றது.

"வா. நான் பின்னிவிடுறேன்."

பிள்ளை வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தது. கைரியா முடியை மூன்றாகப் பிரித்தாள். இடது கையில் முடி இருப்பது தெரியவில்லை. விரலைப் பார்த்துப் பார்த்துப் பிடித்தாள். ஒவ்வொரு மடிப்புக்கும் கண்ணால் பார்த்து, இழுத்து, அடுத்ததைப் போட்டாள். பின்னல் முடிய வெகுநேரமானது. ரபீகா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கோணலா ஈக்கி," என்றது பிள்ளை, பின்னலை முன்னால் இழுத்துப் பார்த்து.

"நோகுதா?"

"இல்ல."

அன்றைக்கும் கைரியாவுக்கு அழுகை வரவில்லை. ஆனால் பசி எடுத்தது. பெருநாள் சோற்றை இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டாள். ஹிதாயா அக்குறணைக்குத் திரும்பவில்லை. முன்னறையில் வாப்பாவோடு தனிப் பாயில் படுத்தது. பகலெல்லாம் பின்னறையில் கிடந்தது.

மழை வந்து காய்ச்சல் அடங்கியதும் ஊசி மறுபடி தொடங்கியது. வாங்கும் திரும்பி வந்தது. அடுத்த வருஷம் ராஜரத்தினத்தின் தோலில் கிருமி தெரிந்தது என்று அவரை ஹேந்தலைக்கு அனுப்பினார்கள். போகுமுன் வந்து முஹைதீனிடம் சொல்லிக்கொண்டு, புதுக் குடை ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அங்கிருந்து அவர் செய்தி ஒன்றும் வரவில்லை.

வேலாயியின் காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. மலையேற முடியாமல் போன பிறகு, அவள் புருஷன் குடும்பத்தோடு இந்தியாவுக்குத் திரும்ப முடிவு செய்தான். அவர்கள் கண்டியில் ரயிலேறிய அன்று கைரியா கணவனோடு ஸ்டேஷனுக்குப் போனாள். சாக்கு மூட்டைகளுக்கு நடுவே வேலாயி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அங்க ஊசி போடுவாங்களான்னு தெரியலக்கா," என்றாள். அம்மா என்பது எப்போதோ அக்காவாகியிருந்தது. "எடம் புதுசு. ஆளுங்க யாரோ."

"போன ஒடன வெசாரி. பின்னுக்கு எங்கயாச்சும் ஒரு வாங்கு போட்டீப்பாங்க."

"அங்கிட்டு ஒக்காந்து கையா காலான்னு நானே கேக்கணும்."

"கேளு."

ரயில் போன பிறகும் கைரியா கொஞ்ச நேரம் நின்றாள். பின்பு கணவனோடு நடந்தாள்.

1938இல் டொக்டர் அவளை மறுபடி கண்ணை மூட வைத்துப் பார்த்தார். நோய் அடங்கி நிற்கிறது, மரத்த கை மரத்தபடிதான் இருக்கும், இனி வாராவாரம் வரத் தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். இந்தத் தடவை முஹைதீன் ஒவ்வொரு சொல்லையும் கேட்டான். வழியெல்லாம் அவளிடம் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தான். அல்ஹம்துலில்லாஹ் என்றான். கைரியாவும் சொன்னாள்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் அவள் முக்காட்டை எடுத்தாள்.

"எங்க போற? ஊசிதான் இல்லியே?"

"போன கிழமை கலஹாவிலிருந்து ஊசிக்கு ஒரு புள்ள வந்தீந்தா. ஒரு வார்த்த பேசல்ல. நெலத்தப் பாத்துட்டே இருந்தா."

முஹைதீன் கடையைப் பூட்டிவிட்டு வர எழுந்தான். வேண்டாம், தனியாகவே போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கினாள்.